கணக்காய்வுக் கடிதம் வருமுன்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி எமது கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற மருத்துவத்துறைப் பழைய மாணவிகள் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பல் வைத்தியர் ஒருவர் பேசப்போகிறார் என்றதும், இனிப்பைக் குறையுங்கள், இரவில் பல் துலக்காமல் படுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்குவார் என நினைத்திருப்பீர்கள். அதைச் சொல்ல என்னிலும் மூத்த பல் வைத்தியர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது, வைத்தியர்கள் தமக்குள்ளேகூடப் பேசத் தயங்கும் விடயம்: கட்டணக் கணக்காய்வு. செய்த சிகிச்சைக்குப் பணம் பெற்று அதை மறந்தும் போன பிறகு, "இன்ன பிள்ளைக்கு இன்ன நாளில் செய்ததற்கான பதிவை அனுப்புங்கள்" என்று ஒருநாள் கடிதம் வருகிறதே, அதைப் பற்றி.

இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கினால் நோயாளி காசு கொடுப்பதில்லை. வைத்தியரும் பல்லுக்கு இவ்வளவு என்று பில் போடுவதில்லை. தனியார் கிளினிக்கில் நோயாளி தன் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கூடக் கேட்டால் அந்த இடத்திலேயே சண்டை பிடிப்பார். நான் தொழில் செய்யும் மெல்பேணில் இந்த இருவருக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அது அரசின் மெடிகெயராக இருக்கலாம், தனியார் சுகாதாரக் காப்புறுதி நிதியமாக இருக்கலாம். கதிரையில் படுத்திருப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். காசு கொடுப்பவர் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதில்லை. நாம் அனுப்பும் ஓர் இலக்கத்தை நம்பித்தான் கொடுக்கிறார். ஆகவே இடைக்கிடை வந்து சரிபார்க்க அவருக்கு உரிமை உண்டு. அதைக் குறை சொல்ல முடியாது.

பேராதனையில் பல் மருத்துவம் படித்து, பிறகு அவுஸ்திரேலியப் பரீட்சை எழுதி அங்கே வந்துசேரும் எம் பிள்ளைகளை நான் காண்கிறேன். கைவேலையில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் பில் போடுவது எப்படி என்று எந்த விரிவுரை மண்டபத்திலும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. எனக்கும் சொல்லப்படவில்லை. நான் அதைக் கற்றது இரண்டு தடவையில். முதல் தடவை இன்னொருவர் பட்ட அடியைப் பார்த்து. அது போதவில்லை.

2007 நவம்பரில் அவுஸ்திரேலிய அரசு நாட்பட்ட நோயாளருக்கான பற்சிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நீரிழிவு, இருதய நோய் போன்றவை உள்ளவர்களைக் குடும்ப வைத்தியர் முறைப்படி அனுப்பிவைத்தால், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் 4,250 டொலர் வரை மெடிகெயர் கொடுக்கும். நான் பதிவு பெற்று முதலில் சம்பளத்துக்கு வேலை பார்த்த இடத்தின் உரிமையாளர் அந்நாட்டவர், வயதானவர். பல வருடங்களாக ஒரு பக்கத்தால் மட்டும் மென்று வந்தவர்களை இரண்டு பக்கமும் சாப்பிட வைத்து அனுப்புவார். இல்லாத பல்லை அடைத்ததாக ஒருநாளும் எழுதாதவர்.

அந்தத் திட்டத்தின் விதிகளில் பத்தாவது பிரிவு என்று ஒன்று இருந்தது. சிகிச்சையைத் தொடங்குமுன் நோயாளிக்குச் சிகிச்சைத் திட்டத்தையும் ஒவ்வொன்றுக்குமான செலவையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அனுப்பிய குடும்ப வைத்தியருக்கு அந்தத் திட்டத்தின் பிரதியோ சுருக்கமோ அனுப்ப வேண்டும். இவர் எல்லாவற்றையும் கதிரைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கண்ணாடியைக் காட்டி, வாயாலேயே விளக்குவார். எழுதிக் கொடுக்கமாட்டார். குடும்ப வைத்தியருக்குக் கடிதம் சில வேளை போகும், பல வேளை சிகிச்சை முடிந்த பிறகு போகும். கணக்காய்வு வந்தபோது சிகிச்சை நடந்ததா என்பது கேள்வியாகவே இருக்கவில்லை. கடிதத்தின் திகதி எங்கே என்பதுதான் கேள்வி. திகதி பிந்தியிருந்தால் அந்த நோயாளிக்குப் பெற்ற பணம் முழுவதும் திருப்பிக் கேட்கப்பட்டது. நாடு முழுவதும் பல வைத்தியர்களுக்கு இதுதான் நடந்தது. 2012 நவம்பர் இறுதியில் அந்தத் திட்டம் மூடப்பட்டது. பத்திரங்களில் மட்டும் பிழைவிட்டவர்களின் கடனைத் தள்ளுபடி செய்ய 2014இல் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. அதற்கிடையில் அந்த மனிதர் பட்ட மனவேதனையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஓய்வுபெறும் வயதில், தன்னை ஒரு கள்வனாக யாரோ நினைக்கிறார்கள் என்ற எண்ணமே அவரைத் தின்றது. காசு இரண்டாம் பட்சம்.

பிறகு சொந்தமாகக் கிளினிக் திறந்தபோது, எனக்கு இப்படி வராது என்று நினைத்தேன். எல்லாப் படிவங்களும் அச்சடித்து வைத்திருந்தேன். தடித்த கோப்புகள், நிற நிறமான பிரிதாள்கள். கோப்பு அழகாயிருந்தால் உள்ளே உள்ளதும் சரியாயிருக்கும் என்று நம்புவது நமக்கெல்லாம் உள்ள ஒரு பலவீனம்.

2014 ஜனவரி முதலாம் திகதி பிள்ளைகளுக்கான பற்சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. அரசின் குடும்பக் கொடுப்பனவு போன்றவற்றைப் பெறும் வீட்டுப் பிள்ளைகளுக்கு, இரண்டு ஆண்டுக்கு ஆரம்பத்தில் 1,000 டொலர்; பின்னர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நாம் நேரே மெடிகெயரிடம் பெற்றுக்கொண்டால், அம்மா அப்பா ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் ஒரு சம்மதப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். என்ன சிகிச்சை, என்ன செலவு, அது பிள்ளையின் அந்தத் தொகையிலிருந்து கழியும் என்று சொல்லப்பட்டது என்பதற்கான கையொப்பம். அந்த ஆண்டின் முதல் சிகிச்சைக்கு முன்னர் அது இடப்பட வேண்டும். டிசம்பர் 31 வரை செல்லும். ஜனவரியில் புதிதாக இன்னொன்று. படிவத்தை நான்கு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நாங்கள் இருக்கும் விக்டோரியா மாநிலச் சட்டப்படி பிள்ளையின் மருத்துவப் பதிவை அதற்கு 25 வயதாகும் வரை வைத்திருக்க வேண்டும் என்பது வேறு கதை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. இருபது பிள்ளைகளின் பெயர், திகதி, கோரிய இலக்கம். பதிவுகளையும் சம்மதப் படிவங்களையும் அனுப்பக் கேட்டிருந்தார்கள்.

அன்று மாலை கிளினிக்கைப் பூட்டிவிட்டு நானும் வரவேற்பு மேசையிலிருக்கும் தங்கச்சியும் கோப்புகளை நிலத்தில் பரப்பினோம். வன்னியிலிருந்து வந்தவள். என்னை டொக்டர் என்பதா அக்கா என்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துக் கூப்பிடுவாள். பதினேழு படிவங்கள் இருந்தன. மூன்று இல்லை. ஒன்றில் பிள்ளை பல்வலியில் அழுதுகொண்டு வந்த நாள், "பிறகு வைக்கலாம்" என்று விட்டது. மற்ற இரண்டும் பிப்ரவரியில் வந்த பிள்ளைகள், போன வருடத்துப் படிவத்தை இந்த வருடத்துக்கும் செல்லும் என்று எடுத்தது. அதைவிட இன்னொன்று, அது முழுக்க என் கைப்பிழை. ஒரு பிள்ளையின் கீழ்ப் பாற்கடைவாய்ப் பல்லில் மேற்பரப்பை மட்டும் அடைத்ததாகக் குறிப்பு எழுதியிருக்கிறேன். கோரியிருப்பது 88532, இரண்டு பரப்புக்கான இலக்கம். 88531 தான் போட்டிருக்க வேண்டும். பக்கப் பரப்பையும் உண்மையில் அடைத்திருக்கலாம், நினைவில்லை. நினைவில்லாவிட்டால் எழுதியதுதான் உண்மை.

தங்கச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "டொக்டரக்கா, அந்த மூண்டு அம்மாவையும் எனக்குத் தெரியும். கூப்பிட்டா வருவினம். பழைய திகதியைப் போட்டுக் கையெழுத்து வாங்குவமே? ஆருக்குத் தெரியப்போகுது."

நான் உடனே "இல்லை" என்று சொன்னேன் என்று இங்கே சொன்னால் அது பொய். அந்த இரவு முழுவதும் அதைப் பற்றித்தான் யோசித்தேன். சிகிச்சை நடந்திருக்கிறது. பிள்ளை சுகமாயிருக்கிறது. அம்மாவும் சம்மதித்துத்தான் பிள்ளையைக் கதிரையில் இருத்தினார். ஒரு கையொப்பம்தானே. என் குறிப்பிலும் ஓர் எழுத்தைச் சேர்த்தால் இரண்டு பரப்பாகிவிடும். என் கணவர் கணக்காளர். அவர் அதிகம் பேசவில்லை. "நீர் அண்டைக்கு எழுதாத ஒண்டை இப்ப எழுதினா, அண்டைக்கே எழுதின மிச்சத்தை ஆர் நம்புவினம்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டதில் ஒரு தொழில்நுட்ப உண்மையும் இருக்கிறது. இளைய வைத்தியர்கள் இதைக் கவனியுங்கள். நாம் பயன்படுத்தும் மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும், யார், எந்த நாள், எத்தனை மணிக்குச் செய்தார் என்று தன்பாட்டில் எழுதிவைக்கிறது. கடிதம் வந்த அடுத்த நாள் பழைய குறிப்பு திருத்தப்பட்டிருந்தால், ஒரு கவனக்குறைவு மோசடியாக மாறிவிடும். கவனக்குறைவுக்குப் பணம் திருப்பிக் கொடுப்போம். மோசடிக்குத் தொழிலையே கொடுக்க நேரும்.

எனக்கு அந்த இரவு ஞாபகம் வந்தது இந்தக் கல்லூரியின் இரசாயனவியல் ஆய்வுகூடம். செய்முறைக் குறிப்பேட்டில் வாசிப்பைப் பிழையாக எழுதினால், எங்கள் ஆசிரியை அழிறப்பரைத் தொடவிடமாட்டார். ஒரேயொரு கோடு, கீழே உள்ள எழுத்துத் தெரியும்படி. பக்கத்தில் சரியானது, ஒப்பம், திகதி. ஏன் என்று கேட்டதற்கு, "பிழை எழுதினது பிழையில்லை, அதை ஒளிச்சது பிழை" என்பார். அப்போது நாங்கள் பின்வரிசையில் சிரித்தோம். பிற்பாடு அந்தக் குறிப்பேடு 95 இடப்பெயர்வோடு போய்விட்டது. அம்மா ஒரு சொப்பிங் பையில் கொண்டு திரிந்தது எங்கள் பிறப்புச் சான்றிதழ்களை மட்டுமே. ஒரு துண்டுக் கடதாசி இல்லையென்றால் நாம் யாரென்று நிரூபிக்க முடியாது என்பது தெரிந்த தலைமுறை நாங்கள். அப்படிப்பட்ட நான் கடதாசியில் கவனம் விட்டது எனக்கே வெட்கமாயிருந்தது.

காலையில் தங்கச்சியிடம், "அம்மாமாரைக் கூப்பிடுவோம், ஆனால் உண்மையைச் சொல்லக் கூப்பிடுவோம்" என்றேன். பிள்ளையின் பதிவுகள் கணக்காய்வுக்குப் போகின்றன, நாங்கள் படிவம் வாங்கத் தவறிவிட்டோம் என்று ஒவ்வொருவருக்கும் நானே தொலைபேசியில் சொன்னேன். இரண்டு பேர் "பரவாயில்லை" என்றார்கள். மூன்றாவது அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டு, "டொக்டர், அது இலவசம் எண்டுதானே நான் நினைச்சிருந்தன்" என்றார்.

அவருடைய மகனுக்கு நான் செய்தவை எல்லாம் தேவையானவையே. பரிசோதனை, எக்ஸ்றே, பற்காறை அகற்றல், புளோரைட்டு, புதிதாக முளைத்த கடைவாய்ப் பற்களின் வெடிப்புகளுக்குப் பூச்சு, இரண்டு அடைப்புகள். எல்லாம் சேர்ந்து அவனது இரண்டு வருடத் தொகையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டன. சில மாதங்களில் வேறொரு பல் வீங்கி, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள வேறொரு கிளினிக்குக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே அட்டையைப் பார்த்துவிட்டு, மிச்சம் போதாது, கையால் கட்டவேண்டும் என்றிருக்கிறார்கள். அந்த மாத வாடகையில் எடுத்துக் கட்டினாராம். "உங்களில பிழை சொல்லேல்லை டொக்டர். அப்பிடிக் குறையும் எண்டு தெரிஞ்சிருந்தா, அந்தப் பூச்சுகளைப் பிறகு செய்வம் எண்டு கேட்டிருப்பன்."

அதுவரை அந்தப் படிவத்தை அரசாங்கத்துக்காக வாங்கும் கடதாசி என்றே நானும் நினைத்திருந்தேன். காசு கையால் கொடுக்காத ஒருவருக்கு, தன் பிள்ளையின் பணம் செலவாகிறது என்று தெரியவரும் ஒரே இடம் அதுதான். நான் அதைத் தவறவிட்டபோது, அவருடைய தெரிவை அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். கணக்காய்வாளர் கேட்ட கேள்வியும் அந்த அம்மா கேட்ட கேள்வியும் ஒன்றே.

இருபது கோப்புகளையும் இருந்தபடியே அனுப்பினோம். மேலே ஒரு கடிதம்: இந்த மூன்றுக்கும் படிவம் இல்லை, இந்த ஒன்றில் இலக்கம் பிழை. மூன்று பிள்ளைகளுக்கும் பெற்ற தொகையையும், இலக்க வித்தியாசத்தையும் திருப்பிச் செலுத்தினோம். கிளினிக்கின் ஒரு மாத வாடகையளவு வந்தது. நோகத்தான் செய்தது. பெயர்ப் பட்டியலுக்கு வெளியேயும் தேடிப் பார்த்து, அதே ஜனவரிப் பிழை இன்னும் இரண்டு இடத்தில் கிடைத்ததால் அவற்றையும் நாமாகவே அறிவித்தோம். கேட்கப்படுமுன் தானாக ஒப்புக்கொள்வதற்கு மெடிகெயரில் ஒரு வழிமுறையே இருக்கிறது. அதைப் பயன்படுத்தப் பயப்பட வேண்டாம்.

இனி, ஆயத்தம் என்பது நடைமுறையில் என்ன என்று இரண்டொரு வார்த்தை. கடிதம் வந்த பிறகு ஆயத்தமாக ஒன்றுமே இல்லை. ஆயத்தம் என்பது நோயாளி கதிரையை விட்டு எழும்பிய அந்த ஐந்து நிமிடம்தான். எந்தப் பல், எந்தப் பரப்பு, ஏன் செய்தேன், எந்த மருந்து, எவ்வளவு மரப்பூசி, எக்ஸ்றேயில் என்ன கண்டேன். "46 அடைப்பு" என்று எழுதினால் அது உங்களுக்கே இரண்டு வருடத்தில் விளங்காது. முன்னர் தயாரித்த வாசகத்தை ஒட்டும் வசதி மென்பொருளில் இருக்கிறது. அது பெரிய பொறி. பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே வாக்கியம், எல்லோரும் "நன்கு ஒத்துழைத்தார்". அதில் ஒருவன் என் விரலைக் கடித்தவன்!

இலக்கங்களின் நிபந்தனைகளை மனப்பாடம் செய்யாமல் பட்டியலை வாசியுங்கள். முழுமையான பரிசோதனைக்கான 88011ஐ ஒரே வைத்தியர் ஒரே பிள்ளைக்கு 24 மாதத்தில் ஒருமுறைதான் கோரலாம். மெடிகெயர் தரும் வழங்குநர் இலக்கம் ஆளுக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் உரியது. சனிக்கிழமைகளில் வேறொரு கிளினிக்கில் வேலை செய்யும் பிள்ளைகள் வார நாள் இலக்கத்தையே அங்கும் பாவித்துவிட்டு மாட்டுப்படுகிறார்கள். உங்கள் இலக்கத்தில் போகும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நீங்களே பொறுப்பு. அதைத் தட்டி அனுப்பியது வரவேற்பு மேசை என்றாலும், உரிமையாளர் என்றாலும் அப்படித்தான். முதல் வேலையில் சேரும் தங்கைமார், மாதத்துக்கு ஒருமுறை உங்கள் பெயரில் என்ன கோரப்பட்டது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். தர மறுத்தால், அங்கே வேலை செய்வதா என்று யோசியுங்கள்.

எம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தனியார் காப்புறுதிகளில் பெரும்பாலானவற்றின் ஆண்டெல்லை ஜனவரியில் புதுப்பிக்கப்படும். ஆகவே டிசம்பர் மாதம் வந்தால், கோயிலில் கண்டு பழகிய அண்ணாமார் வந்து, "தங்கச்சி, இண்டைக்குச் செய்யுங்கோ, திகதியை ஜனவரியில போடுங்கோவன்" என்பார்கள். இன்னொருவர், "என்ர கார்ட்டில முடிஞ்சுது, மனுசியின்ர கார்ட்டில போட்டுவிடுங்கோ" என்றார். அந்த மனுசிக்கு மேற்பல் முழுவதும் கட்டுப்பல்! அவருடைய பெயரில் நான் கடைவாய்ப் பல் அடைத்தால், கணக்காய்வாளர் தேவையில்லை, அவருடைய அடுத்த வைத்தியரே பிடித்துவிடுவார். இவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஊரவள் ஒருத்தி இந்தச் சின்ன உதவியைச் செய்யமாட்டாளா என்ற உரிமையில் கேட்கிறார்கள். "அண்ணா, அவசரமில்லாவிட்டால் ஜனவரியிலேயே வாங்கோ, முதல் நாளே நேரம் தாறன்" என்று சொல்வேன். பாதிப்பேர் வருவார்கள். மற்றவர்கள் கோயிலில் கண்டால் கொஞ்ச நாள் முகத்தைத் திருப்புவார்கள். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் தங்கச்சி இன்றும் என்னோடுதான் வேலை செய்கிறாள். ஜனவரி முதல் வேலை நாளில் பழைய படிவங்களையெல்லாம் கட்டி உள்ளே வைத்துப் பூட்டுவது அவளுடைய ஏற்பாடு. பழையது கைக்கெட்டாவிட்டால் புதியது வாங்கத்தானே வேண்டும். படிவம் மேசைக்கு வராமல் பிள்ளையை உள்ளே அனுப்பமாட்டாள். நான் அவசரப்பட்டாலும் விடமாட்டாள். கையொப்பம் வாங்குமுன், "இவ்வளவு இருக்கு, இண்டைக்கு இவ்வளவு போகும், மிச்சம் இவ்வளவு" என்று துண்டில் எழுதிக் கையில் கொடுக்கிறாள். வலியோடு வரும் பிள்ளைக்கும் அதற்கு ஒரு நிமிடம்தான் எடுக்கிறது என்று இப்போது தெரிகிறது. அதன்பிறகு சில அம்மாமார், "இதை மட்டும் இண்டைக்குச் செய்யுங்கோ, மற்றது அடுத்த வருசம்" என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். வருமானம் கொஞ்சம் குறைந்ததென்னவோ உண்மை.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணித்தியாலம் நோயாளிகளை எடுப்பதில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பெயர்களை எடுப்பாள். நேர அட்டவணை, என் குறிப்பு, கோரிய இலக்கம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். என் எழுத்தை அவள் வாசித்து, எனக்கு என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு விளங்காவிட்டால் அது போதாத குறிப்பு. போன மாதம் ஒரு படிவத்தில் கையொப்பம் இருந்தது, திகதி இல்லை. அந்த அம்மா அடுத்த கிழமை வர இருந்தார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே கணினியைத் திறந்து அந்தக் கோரிக்கையை மீளப்பெறும் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினாள்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பல்லைப் பற்றியும் கேட்கலாம்.